ரீஇன்ஸ்டால் செய்தும் திரும்பாத டூல்பார்

கேள்வி: கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, நோட்டீஸ் எல்லாம் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில்தான் அடிக்கிறோம். போன மாத மழையில், வேலைக்கு நடுவே கரண்ட் போய் வந்ததிலிருந்து டூல்பார் குளறுபடியாக இருக்கிறது. எழுத்துருவும் அளவும் மாற்றுகிற வரிசையைக் காணோம். டேபிளுக்குள் கர்சரை வைத்தால் வரும் பட்டையும் வருவதில்லை. நானே சேர்த்த மூன்று பட்டன்கள் ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸ் ஃபைலைத் திறந்தால் மட்டும் தெரிகின்றன. புது ஃபைலில் இல்லை. தெரிந்த தம்பி ஒருவர் சாஃப்ட்வேரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டும் பார்த்தார். அப்படியேதான் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனு அடிக்க வருகிறவர்களை நிற்க வைத்துக்கொண்டு மெனுவில் தேட வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்தத் தம்பி செய்ததில் தவறில்லை, ஆனால் பலன் இருக்காது. வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் பரண்மேல் கிடக்கும் சாமான் கிடந்தபடியேதான் கிடக்கும். சாஃப்ட்வேரை நீக்கினாலும் உங்கள் டூல்பார் அமைப்புகள் அழிவதில்லை. அவை விண்டோஸில் உங்கள் பெயரிலுள்ள தனி ஃபோல்டர் ஒன்றில் இருக்கின்றன. புதிதாகப் போட்ட ரைட்டர் அதே பழைய அமைப்பை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கும்.

நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். மூன்றாவதற்கும் கரண்ட் போனதற்கும் சம்பந்தமே இல்லை. அதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் காணாமல் போன வரிசை. வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸைத் திறந்து பாருங்கள். அங்கே 'சிங்கிள் டூல்பார்' தேர்வாகி இருந்தால் மேலே ஒரே வரிசைதான் வரும். 'ஸ்டாண்டர்ட் டூல்பார்' என்று மாற்றினால் பழைய இரண்டு வரிசையும் வந்துவிடும். அது ஏற்கெனவே சரியாக இருந்தால், வியூ மெனுவிலேயே டூல்பார்ஸ் போய் 'ஃபார்மட்டிங்' என்பதற்கு டிக் போடுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

மெனுகூட இல்லாமல் வெறும் தாள் மட்டும் தெரிந்தால் அது வேறு கதை. பத்தியை இருபுறமும் சமமாக்க கண்ட்ரோலும் ஜேயும் அழுத்துவோம். கூடவே ஷிஃப்ட்டிலும் விரல் பட்டுவிட்டால் முழுத்திரைக்குப் போய்விடும். மறுபடி அதே மூன்றையும் அழுத்தினால் திரும்பி வரும். வேகமாக டைப் அடிப்பவர்களுக்குத்தான் இது அடிக்கடி நேரும்.

டேபிள் பட்டையில் ஒரு நுணுக்கம் உண்டு. அது கர்சர் டேபிளுக்குள் இருக்கும்போது தானாக வரும், வெளியே வந்தால் போய்விடும். பட்டையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் அது அந்த நேரத்துக்கு மட்டும்தான். அடுத்த முறை டேபிளுக்குள் போனால் மீண்டும் வரும். ஆனால் டூல்பார்ஸ் பட்டியலில் அதன் டிக்கை எடுத்துவிட்டால் நிரந்தரமாக மூடிவிட்டதாக ரைட்டர் நினைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலின் கடைசியிலுள்ள 'ரீசெட்' இதற்காகவே இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: எந்தப் பட்டை எப்போது தானாக வர வேண்டும் என்ற பழக்கத்தை மட்டுமே அது பழைய நிலைக்குக் கொண்டுபோகும்.

சரி, உங்கள் மூன்று பட்டன்கள். டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் திறந்து, டூல்பார்ஸ் என்ற பக்கத்துக்கு வாருங்கள். 'ஸ்கோப்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 'லிப்ரே ஆபிஸ் ரைட்டர்' என்று ஒன்றும், திறந்திருக்கும் ஃபைலின் பெயரும் இருக்கும். நோட்டீஸ் அடித்த அன்று உங்களை அறியாமல் ஃபைல் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதனால் பட்டன்கள் அந்த ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்பட்டுவிட்டன. வேறு கணினியில் அந்த ஃபைலைத் திறந்தாலும் பட்டன்கள் கூடவே போகும். அதையே வேர்ட் ஃபைலாகச் சேமித்தால் உதிர்ந்துவிடும்.

அவற்றை அங்கிருந்து இழுத்துவர வழியில்லை, மறுபடி சேர்க்க வேண்டியதுதான். இந்த முறை ஸ்கோப்பில் ரைட்டரைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: ஏற்கெனவே நெரிசலாக இருக்கும் ஸ்டாண்டர்ட் பட்டைக்குள் திணிக்காதீர்கள். 'டார்கெட்' பெட்டிக்குப் பக்கத்திலுள்ள சிறு மெனுவில் 'ஆட்' கொடுத்து, 'மனு' என்று பெயர் வைத்துத் தனிப் பட்டையே உருவாக்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஸ்டாண்டர்ட் பட்டையைப் பழைய நிலைக்கு மாற்ற நேர்ந்தாலும் உங்களுடையது தப்பிக்கும். இடப்பக்கத் தேடல் பெட்டியில் கட்டளையின் பெயரை அடித்து, நடுவிலுள்ள அம்புக்குறியால் வலப்பக்கம் தள்ளினால் பட்டன் தயார்.

உங்கள் கடைக்கு நான் சிபாரிசு செய்வது மூன்று. பிடிஎஃப் ஆக நேரடியாக மாற்றுவது, பேஜ் பிரேக், 'பேஸ்ட் அன்ஃபார்மட்டட் டெக்ஸ்ட்'. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பச்சைத் தேயிலை விலை பற்றிய மனுவை யாரோ வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டு வருவார். அதைச் சாதாரணமாக ஒட்டினால் எங்கிருந்தோ வந்த எழுத்துருவும் நிறமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இந்தப் பட்டனில் வெறும் எழுத்து மட்டும் வரும்.

சேர்த்த பட்டன் கண்ணில் படவில்லையென்றால் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். சின்னத் திரையில் இடம் போதாதவை அங்கே இரட்டை அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். பட்டைமேல் ரைட் கிளிக் செய்து 'விசிபிள் பட்டன்ஸ்' போய், தொடாத பட்டன்களின் டிக்கை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். எல்லாம் சரியானதும் டூல்பார்ஸ் பட்டியலிலேயே 'லாக்' செய்துவிடுங்கள். மவுஸ் பட்டுப் பட்டை நகராது.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் இரண்டு கோளாறும் தீரவில்லையென்றால்தான் கரண்டைச் சந்தேகிக்க வேண்டும். அமைப்புகளை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரிப் பக்கம் கம்பிமேல் மரம் சாய்வது உங்களுக்குப் புதிதா என்ன! ஹெல்ப் மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' கொடுங்கள். வரும் பெட்டியில் எதையும் மாற்றாமல் தொடருங்கள். அப்போது ரைட்டர் உங்கள் அமைப்பைத் தொடாமல் தற்காலிகமாக ஒரு புதிய அமைப்பில் திறக்கும். அதில் டூல்பார் ஒழுங்காகத் தெரிந்தால் கோளாறு உங்கள் ஃபோல்டரில்தான்.

அடுத்து அதே பெட்டிக்குத் திரும்பி, முதலில் பேக்கப்பிலிருந்து மீட்கும் வழியை முயலுங்கள். அது பலிக்காவிட்டால் மட்டும் 'ரீசெட் டு ஃபேக்டரி செட்டிங்ஸ்'. அங்கே இரண்டு டிக் பெட்டிகள். அமைப்புகளையும் திரை மாற்றங்களையும் மட்டும் அழிக்கும் முதல் பெட்டி போதும். உதகையில் ஓர் அலுவலகக் கணினியில் நான் அவசரப்பட்டு இரண்டுக்கும் டிக் போட்டேன். அங்கிருந்தவர் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ஆட்டோடெக்ஸ்ட் வாசகங்களும் (சுருக்கத்தை அடித்து முழுதாக வரவழைப்பவை), அகராதியில் சேர்த்த சொற்களும் ஒரே கிளிக்கில் போயின. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ மட்டும் வரவில்லை.

ஆகவே ரீசெட்டுக்கு முன்னால் ஒரு நகல் எடுங்கள். ரைட்டரை மூடிவிட்டு, விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, இருபுறமும் சதவீதக் குறியோடு 'ஆப்டேட்டா' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் லிப்ரே ஆபிஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். 2024 முதல் வெளியீடுகளின் எண் ஆண்டையும் மாதத்தையும் வைத்து 24.2 என்று மாறிவிட்டது, ஆனாலும் இந்த ஃபோல்டர் இன்னும் 4தான். பழைய வெர்ஷன் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். யூசர் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். மனு பட்டையைப் போட்டு முடித்த பிறகும் ஒரு நகல் எடுத்து வைத்தால், கடையின் இரண்டாவது கணினியிலும் அதே இடத்தில் ஒட்டி அதே பட்டையைக் கொண்டுவரலாம். அங்கே ஏற்கெனவே இருக்கும் யூசர் ஃபோல்டரின் பெயரை முதலில் மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.