பழைய கார் வாங்கினீர்கள், ஆர்.சி. யார் பெயரில்?

கேள்வி: புரோக்கர் மூலம் 1999 மாடல் மாருதி 800 வாங்கினேன். ஆர்.சி. புக் (வண்டியின் பதிவுச் சான்று) ஜெராக்ஸ்தான் தந்தார். ஒரிஜினல் தொலைந்துவிட்டதாம். நானே டூப்ளிகேட் எடுக்கலாமா? – கரூர் வாசகர்

பதில்: முடியாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் படிவம் 26 கொடுக்க வேண்டும். தொலைந்ததற்குப் போலீஸ் சான்றும் அவர்தான் வாங்க வேண்டும். புரோக்கரை விட்டுவிட்டு ஜெராக்ஸில் இருக்கும் முகவரிக்குப் போங்கள். ஆள் கிடைத்தால் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களிலும் அப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கிளம்புமுன் ஒரு வேலை. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். பதிந்து வருவது ஜெராக்ஸோடு ஓர் எழுத்து மாறினாலும் நேரே போலீஸுக்குப் போங்கள். இன்னொன்று: 1999 வண்டிக்கு முதல் 15 ஆண்டு 2014-லேயே முடிந்துவிட்டது. அதன்பின் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 25, ஆய்வு, கட்டணம் எல்லாம் உங்கள் தலையில்தான்.

கேள்வி: 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கியாயிற்று. போதாதா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: போதாது. பெயர் மாற்றுங்கள்.

கேள்வி: காரை விற்று நான்கு வருடமாகிறது. வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. விபத்து வழக்கில் எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. – சேலம் வாசகி

பதில்: அம்மா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாங்குபவர் பெயர் எழுதாத 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கார் கைமாற மாற அதே தாள்களைத் தள்ளிவிடும் வியாபாரிகள்மேல்தான் கோபம். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. 2007-ல் விற்ற ஒரு கார் பல கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்ன தீர்ப்பு: பதிவேட்டில் பெயர் இருந்த முதல் ஆளே பொறுப்பு. நடுவில் லாபம் பார்த்தவர்கள் யாரும் அகப்படவில்லை. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வியாபாரி இதைச் சொல்ல மாட்டார், காலித்தாள்தான் அவருக்கு மூலதனம்.

நோட்டீஸை அலட்சியம் செய்யாதீர்கள். வக்கீலைப் பாருங்கள். விபத்து நாளில் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்ததா என்று உடனே தேடுங்கள். இருந்தால் அந்தக் கம்பெனி பதில் சொல்லட்டும்.

கேள்வி: புதுச்சேரி வண்டி, என்.ஓ.சி. (அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) பிறகு தருவாராம். மலிவாக வருகிறது. – விழுப்புரம் வாசகர்

பதில்: பணத்தையும் பிறகு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார், கார் அவர் பெயரில் இருக்கிறது. – தஞ்சை வாசகர்

பதில்: படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாண்டியிருந்தால் தாமதத்துக்கான தொகை கேட்பார்கள், பயப்படாதீர்கள்.

கேள்வி: ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறது. கடன் கட்டி முடித்தாயிற்று என்கிறார் விற்பவர். நம்பலாமா? – மதுரை வாசகர்

பதில்: அவர் உண்மையே சொன்னாலும் போதாது. நான் வாங்கிய பழைய அம்பாசடருக்கும் கடன் தீர்ந்துதான் இருந்தது. ஆனால் கடன் தீர்ந்தது என்று படிவம் 35-ல் கையெழுத்துப் போட அந்தக் கம்பெனியே இல்லை, மூடிவிட்டார்கள். பெயர் மாற்ற வழியில்லாமல், கொடுத்ததில் பாதிக்கு விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கம்பெனி பெயர் ஆர்.சி.யிலிருந்து நீங்கும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். நீக்கித் தரவேண்டியது விற்பவர் வேலை.