பழைய ஜப்பான் லாரியில் ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. ரிலே வைத்து வயரிங் மாற்றி, 100 வாட் பல்பு போடலாமா?

ரிலே வையுங்கள்; சுவிட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தால் இயங்கி, பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரம் விடும் சாதனம் அது. 100 வாட் பல்பு வேண்டாம்.

ரங்கூனிலிருந்து பெகு, தவுங்கூ வழியாகப் பழைய சாலையில் இரவுச் சரக்கு ஓட்டுவதாகவும், வண்டி ஜப்பானிலிருந்து வந்த 12 சக்கர ஃபூசோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். லாரி மின்சார வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வயரைத் தொடுவதற்கு முன் உங்கள் விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். 1970 டிசம்பர் 6 அன்று பர்மா இடப்பக்கப் போக்குவரத்தை விட்டு வலப்பக்கத்துக்கு மாறியது. ஏன் மாறியது என்பதற்குக் கனவு, ஜோசியம் என்று டீக்கடைக்கு ஒரு கதை இருக்கிறது. சாலைதான் மாறியது, வந்து இறங்கிய வண்டிகள் மாறவில்லை. ஜப்பானில் இன்றும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதனால் அந்த ஊர் விளக்கின் டிம் வெளிச்சம் வலப்புறம் தாழ்ந்தும் இடப்புறம் மேலேறியும் விழும். அங்கே இடப்புறம் என்றால் சாலையோரம். இங்கே அது எதிரே வருபவரின் கண். நமக்குப் பார்க்க வேண்டிய மாட்டுவண்டியும், பின்விளக்கே இல்லாத தோலாஜியும் (சரக்குப் பெட்டி இழுக்கும் சிறு டிராக்டர் வண்டி) வலது ஓரத்தில் போகின்றன. இருட்டு விழுவதும் அங்கேதான். இந்த நிலையில் வாட்டைக் கூட்டினால் எதிரே வருபவர் கண் கூசிப் பதிலுக்கு பிரைட் போடுவார். அப்புறம் இரண்டு பேருக்குமே சாலை தெரியாது.

சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு இடப்புறம் ஏறினால் விளக்கையே மாற்றுவதுதான் சரியான வழி. சீனா, கொரியா இரண்டும் வலப்பக்கம் ஓட்டும் நாடுகள். அங்கே ஓடும் வண்டிகளுக்கான விளக்கு நமக்குப் பொருந்தும். தாய்லாந்துச் சரக்கு புத்தம் புதிதாக மினுங்கும், ஆனால் அவர்களும் இடப்பக்கக்காரர்கள். வாங்குமுன் கடையிலேயே எரியவிட்டுச் சுவரில் பார்த்துவிடுங்கள். விளக்கு கிடைக்கும் வரை, ஏறுகிற வெளிச்சம் வெளிவரும் இடத்தைக் கண்ணாடிமேல் கறுப்பு டேப்பால் மறைக்கலாம். கொஞ்சம் வெளிச்சம் குறையும், எதிரே வருபவர் திட்டமாட்டார்.

இனி வயரிங். எஞ்சின் ஓட, விளக்கு எரிய, பேட்டரியில் ஒருமுறையும் பல்பின் பின்புறத்தில் ஒருமுறையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 28 வோல்ட் இருக்க, பல்புக்கு 26 மட்டும் வந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். ஹாலஜன் பல்பில் வோல்ட் சற்று இறங்கினாலும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு இறங்கும். அடுத்து, விளக்கின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கே அரை வோல்டுக்கு மேல் காட்டினால் ரிலேயைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கேபினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். நம் ஊர் மழையில் அது பச்சை பூத்துக் கிடக்கும். பல வண்டிகளுக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

ரிலே வைப்பதென்றால் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டும் 24 வோல்ட். 12 வோல்ட் ரிலே மலிவாகக் கிடைக்கிறது என்று வண்டியின் 24 வோல்டைத் தரும் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; ஒரு பேட்டரி வற்றும், மற்றது பொங்கும். இன்னொரு சங்கதி, பல ஜப்பானிய வண்டிகளில் சுவிட்ச் பாசிட்டிவை வெட்டுவதில்லை, எர்த்தைத்தான் வெட்டும். இந்தக் குழப்பத்துக்கே இடம் கொடுக்காத வழி ஒன்று உண்டு. பழைய பல்பு ஹோல்டரின் பொதுமுனைக்கும் (டிம், பிரைட் இரண்டுக்கும் பொதுவான முனை) டிம் முனைக்கும் நடுவே முதல் ரிலேயின் 85, 86 என்று எண் போட்ட இரண்டு முனைகளையும் இணையுங்கள், பிரைட்டுக்கும் அப்படியே. உள்ளே டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் உறுப்பு) இல்லாத ரிலேயாக இருந்தால் மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும் அது வேலை செய்யும். புதிய பக்கத்தில் பேட்டரியின் பாசிட்டிவ் ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-ஆம் முனை பல்புக்கு, பல்பின் பொதுமுனை எர்த்துக்கு. இரண்டு 70 வாட் பல்பும் சேர்ந்து 6 ஆம்பியர்தான் இழுக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். மின்சாரம் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வரட்டும், இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனியாக. ஒரே ஃபியூஸ் போட்டு அது நடுச்சாலையில் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேபினைத் தூக்கும்போது இழுபடாதபடி கீல் அருகே வயரைத் தளர்வாக விடுங்கள்.

100 வாட் பல்பு ஹோல்டரை உருக்கும், ரிஃப்ளெக்டரைப் பொசுக்கும். ஹாலஜனுக்குச் செய்த விளக்கில் எல்இடி பல்பு சொருகினால் பெரும்பாலும் வெளிச்சம் சிதறும். பக்கத்தில் பளிச்சென்றும் தூரத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கடைசியில் விளக்கு வெளிச்சத்தின் மட்டம் பார்ப்பது. வழக்கமான சுமையை ஏற்றியபின் செய்யுங்கள், காலி வண்டியில் சரியாக இருந்தது பின்புறம் அமுங்கியதும் மேலே தூக்கிவிடும். 10 மீட்டர் தூரச் சுவரில் டிம்மின் மேல்விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கை ஏற்றி இறக்கும் திருகு துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். பலவந்தமாகத் திருப்பினால் பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் பிடி உடையும், அது தனியாகக் கிடைப்பது அரிது.