புல்தரைப் புல்லை மேம்படுத்துவதில் தாவர ஹார்மோன்களுக்கும் திசு வளர்ப்புக்கும் என்ன பங்கு?

மார்த்தாண்டத்துக்கு அருகே, தென்னை நிழல் விழும் முற்றத்தில் நட்ட அறுகு இனப் புல் இரண்டாவது மழைக்குள் மெலிந்து போய்விட்டது என்றும், வாழையைப் போலப் புல்லிலும் திசு வளர்ப்பு நாற்று வாங்கினால் குறை தீருமா என்றும், அந்த வேலையில் ஹார்மோன் எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒன்பது ஆண்டுகள் வாழைத் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். புல்லைப் பற்றி விருப்பத்தினால் படித்திருக்கிறேன். ஓய்வு நேரங்களில் அறுகம்புல்லையே கண்ணாடிக் குடுவையில் வளர்த்தும் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு வாழையிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

நாம் ஏத்தன் என்று சொல்லும் நேந்திரன் வாழையில் குரோமோசோம்கள் மும்மடங்காக, 33 இருக்கின்றன. அதனால் விதை பிடிப்பதில்லை. கன்றை வைத்துத்தான் பெருக்க வேண்டும். திசு வளர்ப்பில் கன்றின் குருத்து நுனியை எடுத்து, சைட்டோகைனின் வகை ஹார்மோன் கலந்த சத்துக் கலவையில், அதாவது ஊடகத்தில், வைத்தால் பக்க மொட்டுகள் வெடித்து ஒன்று பலவாகும். அங்கே நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: தாய் எப்படியோ அப்படியே பிள்ளையும் இருக்க வேண்டும். குலசேகரம் பக்கத்தில் எங்கள் விளையில் ஒருமுறை வெளியிலிருந்து வாங்கிய 300 மூடு திசு வளர்ப்பு ஏத்தன் வைத்தோம். அவற்றில் பதினொன்று குட்டையாகி, இலைகள் விசிறி போல நெருங்கி, குலை வெளியே வர வழியில்லாமல் தண்டின் கழுத்திலேயே சிக்கிக்கொண்டன. ஹார்மோன் ஊடகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றுக்குச் சுற்று பெருக்கிய கன்றுகளில் இப்படிப்பட்ட மாறுபாடு தோன்றும் என்பதை அப்பாவிடம் சொன்னபோது, "எனக்கு எதுக்குடே இந்தப் பாடம், குலை எங்க?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

புல்லில் கதையே தலைகீழ். உலகம் முழுவதும் விளையாட்டு மைதானங்களில் விரித்திருக்கும் கலப்பின அறுகுகளில் பல, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் நகரில் கிளென் பர்ட்டன் என்ற புல் இன மேம்பாட்டாளர் தொடங்கிய பணியில் பிறந்தவை. டிஃப்கிரீன் என்ற வகை 1956-லும் டிஃப்வே என்ற வகை 1960-லும் வெளிவந்தன. நம் அறுகம்புல்லின் நான்மடங்கு வகையை, 18 குரோமோசோம் கொண்ட ஆப்பிரிக்க அறுகோடு சேர்த்தபோது 27 குரோமோசோம் உள்ள மும்மடங்குப் புல் கிடைத்தது. ஏத்தனைப் போலவே அதற்கும் விதை கிடையாது. ஆனால் அறுகு தானாகவே கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் செடி. ஓடுதண்டை நறுக்கித் தூவினால் போதும். படியெடுப்பதற்காக அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது வீண்செலவு. ஆகவே புல் இன மேம்பாட்டாளர் திசு வளர்ப்பை நாடுவது பெரும்பாலும் படியெடுக்க அல்ல, மாற்றம் தேடித்தான்.

அந்த மாற்றத்துக்கான வழியைத் திறப்பவை ஹார்மோன்கள். 1957-ல் ஸ்கூக், மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் புகையிலைத் தண்டின் உட்திசுவில் ஒரு விதியைக் கண்டார்கள்: ஆக்சின் என்ற ஹார்மோன் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தளிர், இரண்டும் ஒத்திருந்தால் உருவமற்ற திசுத் திரள், அதாவது கேலஸ். புல் இனங்கள் இந்த விதிக்கு எளிதில் இணங்குவதில்லை. முதிர்ந்த புல் இலையின் செல்கள் பிரியும் திறனை இழந்துவிடுகின்றன. இலையின் அடிப்பகுதி, விரியாத பூங்கதிர், விதைக்குள் இருக்கும் கரு ஆகிய இளம் பாகங்களில்தான் அது மிஞ்சியிருக்கிறது. அவற்றை முராஷிகியும் ஸ்கூக்கும் 1962-ல் வகுத்த உப்புக் கலவையில், லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் 2,4-டி சேர்த்து, இருட்டில் வைக்க வேண்டும். 2,4-டி என்றதும் நம் வயல்காரர்களுக்குக் களைக்கொல்லி நினைவுக்கு வரும், அதுவேதான். செயற்கை ஆக்சினான அதைச் செடி எளிதில் சிதைக்க முடியாததால் அகன்ற இலைக் களைகள் கட்டுப்பாடின்றி முறுக்கிக்கொண்டு சாகின்றன. புல்லும் நெல்லும் தப்பிவிடுகின்றன. வயலில் களையைக் கொல்லும் பொருள், குடுவையில் மிகச் சிறிய அளவில் புல்லின் செல்லை மறுபடி பிறவி எடுக்க வைக்கிறது என்பதை முதன்முதலில் கண்ணால் கண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

நான்காவது வாரத்துக்கு மேல் குடுவைக்குள் இரண்டு வகைத் திரள் தெரியும். நீர்கோத்து, பளபளவென்று, தொட்டால் குழையும் திரளால் பயனில்லை. வெளிர்மஞ்சளாக, மணிமணியாக, கெட்டியாக இருப்பதைப் பிரித்தெடுத்து, 2,4-டியைக் குறைத்தோ நீக்கியோ சைட்டோகைனின் சேர்த்த ஊடகத்துக்கு மாற்றி வெளிச்சத்தில் வைத்தால், விதையில்லாமலே கருக்கள் உருவாகிப் பச்சைப் புள்ளிகளாக முளைக்கும். நான் முதலில் வைத்த தொகுதியில் பாதிக்கு மேல் பச்சையம் இல்லாத வெள்ளைத் தளிர்களாகவே வந்து, ஊடகத்தில் இருந்த சர்க்கரை தீர்ந்ததும் மடிந்தன. திரளை அதிக நாள் வைத்திருந்தது என் தவறு. புல் இனங்களில் இந்த வெளிறல் அடிக்கடி வரும். திரள் பழையதாக ஆக அது கூடும்.

இப்படித் திரளின் வழியாக வரும் செடிகள் எல்லாம் ஒரே அச்சாக இருப்பதில்லை. குரோமோசோமிலும் மரபணுவிலும் மாற்றங்கள் நேர்கின்றன. 1981-ல் லார்கின், ஸ்கோக்ராஃப்ட் என்ற ஆய்வாளர்கள் இந்த மாறுபாட்டுக்குப் பெயர் சூட்டி, இதையே இன மேம்பாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று வாதிட்டார்கள். பிரேசோஸ் என்ற தீவன அறுகின் திசு வளர்ப்பில் கிடைத்த ஒரு மாறுபாடு, நம் மக்காச்சோளக்காரர்களை வாட்டும் அதே படைப்புழுவைத் தாங்கி நின்றது. எங்கள் விளையில் பதினொரு மூடு ஏத்தனைக் கெடுத்த அந்தக் குட்டைத்தன்மை, புல்லில் எல்லோரும் தவமிருந்து தேடும் குணம்! கோல்ஃப் மைதானங்களில் புகழ்பெற்ற டிஃப்ட்வார்ஃப் என்ற குட்டை அறுகு, டிஃப்கிரீனில் இயற்கையாகத் தோன்றிய திடீர் மாற்றம். டிஃப்ஈகிள் என்ற இன்னொரு குட்டை வகை காமாக் கதிர்வீச்சால் கிடைத்தது. கதிர்வீச்சு தரும் வாய்ப்பைக் குடுவையும் தருகிறது, ஆனால் இரண்டிலும் ஆயிரம் செடிகளைப் பார்த்து ஒன்றைத் தேர்கிற கண்தான் முக்கியம்.

வெளி மரபணுவைச் செலுத்தவும் இதே திரள்தான் வாசல். இலை மூப்படையும் நேரத்தில் மட்டும் சைட்டோகைனின் சுரக்குமாறு மாற்றிய பென்ட் கிராஸ் என்ற மைதானப் புல், வெப்பத்திலும் வறட்சியிலும் கூடுதல் நாள் பச்சையாக நின்றது. ஆனால் களைக்கொல்லி தாங்கும்படி மாற்றிய பென்ட் கிராஸின் மகரந்தம், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 21 கிலோமீட்டர் தொலைவு வரை சென்று பிற புற்களைக் கருவுறச் செய்ததை 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. காற்றில் மகரந்தம் பரவும் புல்லில் இந்த வேலையைச் செய்வதானால் விதை பிடிக்காத மும்மடங்கு வகையில்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் முற்றம். அங்கே நடந்ததும் ஹார்மோன் விஷயம்தான். நிழலில் நிற்கும் புல்லில் செடியை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. புல் வெளிச்சத்தைத் தேடி நீண்டு, இலை மெலிந்து, வேருக்கு வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்துவிடுகிறது. கலப்பின அறுகு முழு வெயில் கேட்கும் செடியாதலால் முதலில் மடிகிறது. ஜிப்ரலின் உருவாவதன் கடைசிப் படியைத் தடுக்கும் டிரினெக்ஸபேக் என்ற மருந்தை மைதானங்களில் தெளிப்பதுண்டு. வெட்டும் வேலை குறைவதோடு நிழலில் புல் தாக்குப்பிடிக்கவும் அது உதவுகிறது. ரப்பர் மரத்தில் பால் கூடுவதற்காகப் பூசும் எத்திஃபானைப் போல, அளவும் தருணமும் அறிந்தவர் கையில் இருக்க வேண்டிய பொருள் அது. வீட்டு முற்றத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திசு வளர்ப்புப் புல் நாற்றைத் தேடி அலைய வேண்டாம். நர்சரிகளில் எருமைப் புல் என்றும் பஃபலோ கிராஸ் என்றும் விற்கும் அகல இலைப் புல், நம் மேற்குப் பகுதியின் அமிலத்தன்மை கொண்ட செம்மண்ணையும் தென்னை நிழலையும் தாங்கும். ஆனி ஆடிச் சாரல் தொடங்கியதும் ஓடுதண்டுகளை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். மூன்று விரற்கடை உயரத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். நிழலில் இருக்கும் புல்லுக்கு ஒவ்வோர் இலையும் வேண்டும். தென்னையின் மூட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டர் வரையுள்ள வட்டத்தை உரம் வைப்பதற்காகப் புல் இல்லாமல் விட்டுவிடுங்கள்.