அக்கா விழுந்த குளம், தம்பியின் நினைவு

கேள்வி: எனக்கு வயது 52. ஐந்து வயதில் குளத்தில் தவறி விழுந்ததும், தாத்தா சட்டையைப் பற்றி இழுத்துக் கரையேற்றியதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. சட்டையின் நீலக் கோடுகூட. சென்ற மாதம் அக்காவிடம் சொன்னேன். “விழுந்தது நான். நீ அப்போது பிறக்கவே இல்லை” என்கிறார். பழைய புகைப்படத்தில் நீலக் கோட்டுச் சட்டையோடு நிற்பவரும் அவரே. எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதா? ஆழ்மனத்தைத் திறந்து உண்மை நினைவை மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள். உங்களுக்கு மறதி நோய் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

அந்தக் கதையைச் சிறுவயதில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! புகைப்படத்தையும் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை காட்சியைப் புதிதாகக் கட்டுகிறது. கதை தங்கிவிடும், ‘இது பிறர் சொல்லிக் கேட்டது’ என்ற சீட்டு மட்டும் எங்கோ கழன்று விழுந்துவிடும். நினைவை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக 24 பேரிடம் ஒரு பொய்க்கதை சொல்லப்பட்டது. ஏறத்தாழ கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’. யாரும் பொய் சொல்லவில்லை.

நினைவு என்பது ஒரே சரக்கும் அல்ல. நடந்ததை மீண்டும் காண்பது ஒன்று, உலக விவரம் அறிந்திருப்பது வேறொன்று, கைப்பழக்கம் இன்னொன்று. 1953-இல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய நிகழ்ச்சி எதையும் மனத்தில் இருத்த முடியாமல் போனவர் ஹென்றி மொலைசன். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார்கள். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தைய நாள் வரைந்ததோ அவருக்கு நினைவில்லை. உங்களிடம் பிசகியது முதல் வகையில் ஒரே ஒரு காட்சி. அல்சைமர் என்னும் மறதி நோய் பெரும்பாலும் அண்மை நினைவில் கைவைக்கும்: கேட்டதையே திரும்பக் கேட்பது, பழகிய வழியில் திகைத்து நிற்பது. அப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இந்தக் குளத்துக்காகத் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்பவரிடம், அதில் என்ன தெரியும் என்று கேளுங்கள். பொய் நினைவு படத்தில் தெரியாது.

இனி அந்த ‘மீட்பர்’. அரை மயக்கத்தில் ஆழ்த்தி, “அப்போது உங்களைத் தள்ளியது யார்?” என்பார். தள்ளினார்கள் என்று யார் சொன்னது? ஹிப்னாடிசத்தால் கூடுவது நம்பிக்கைதான், துல்லியம் அல்ல. கேள்வியில் ஒரு சொல் மாறினாலே போதும். 1974-இல் கார் விபத்துப் படம் பார்த்தவர்களில் 50 பேரிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும், வேறு 50 பேரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 7 பேர், இரண்டாவதில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. இது தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனால் விசாரணை அறைகளில் இன்றும் ஒரே சாட்சியைப் பத்து முறை துருவிவிட்டு, பத்தாவது முறை அவர் உறுதியாகச் சொல்வதை ஆதாரம் என்கிறார்கள். மீட்பர்களோ பல இடங்களில் எவர் அனுமதியும் இல்லாமல் பலகை மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டார் மறுப்பதாலேயே எந்த நினைவும் பொய்யாகிவிடாது. சிறுவயதில் யாரேனும் உங்களைத் துன்புறுத்திய நினைவாக இருந்து, குடும்பமே ஒரே குரலில் “அப்படி நடக்கவில்லை” என்றிருந்தால், என் பதில் வேறாக இருந்திருக்கும். மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்கலாம். அதனால் மறுப்பவர் யார், மறுப்பதால் அவருக்கு என்ன லாபம், தேதியோ காகிதமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் அக்காவுக்கு இதில் லாபம் ஏதுமில்லை. புகைப்படமும் உங்கள் பிறந்த தேதியும் அவர் பக்கம்.

உண்மை தெரிந்த பிறகும் அந்தக் காட்சி மறையாமல் இருக்கலாம். தண்ணீரின் குளிர்ச்சிகூட அப்படியே இருக்கும். அதை அழித்துத் தருகிறேன் என்று வருபவருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.