பால்மா பேராலயத்தின் களிமண் சுவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவல் நிமித்தம் ஸ்பெயின் போனபோது மயோர்க்காத் தீவில் பால்மா பேராலயத்தைப் பார்த்தேன். நீங்கள் முன்பு புகழ்ந்து எழுதியதை நம்பி மிகெல் பார்சலோவின் சுடுமண் சிற்றாலயத்துக்குள்ளும் போனேன். ஏமாற்றம்தான். சுவர் முழுக்க வறண்ட கண்மாய்போல் வெடிப்பு; நடுவே வாய் பிளந்த மீன்கள், மண்டையோடுகள். கடவுள் நம்பிக்கை இல்லாத அந்தக் கலைஞர் தன் உடல் அளவிலேயே இயேசுவைச் செய்தாராம். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன். மனம் ஒப்பவில்லை. ஒரு கண்காட்சியில் என்றால் ரசித்திருப்பேன். கோயிலுக்குள் இது எதற்கு?

க.

அன்புள்ள க.,

அது நற்கருணைச் சிற்றாலயம். அங்கே பேழைக்குள் இருப்பது, கத்தோலிக்கர்கள் இயேசுவின் உடலாக வணங்கும் அப்பம். அதனால்தான் இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அற்புதம் அந்தச் சுவருக்குப் பொருளானது. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீன் இருப்பது உங்களைத் தொந்தரவு செய்யவில்லை என்றே நினைக்கிறேன். மீன் மீனாகவே, கவிச்சியடிக்கும் அளவுக்கு இருப்பதுதான் தொந்தரவு. அப்பம் நிஜ ரொட்டியாக, பழம் அறுத்த பழமாக இருக்கிறது. பசித்த கூட்டத்துக்கு இட்ட சாப்பாடு வேறெப்படி இருக்கும்?

வெடிப்புகளுக்கு வருகிறேன். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். பத்தில் ஒரு பங்குவரைகூடச் சுருங்குவதுண்டு. ஓரிடம் தடிமனாகவும் ஓரிடம் மெல்லியதாகவும் இருந்தால் ஒரே வேகத்தில் காயாது, பிளந்துவிடும். எந்தக் குயவரும் இதைத் தவிர்க்கத்தான் பாடுபடுவார். பார்சலோ வெடிக்க விட்டார். இத்தாலியில் வியெத்ரி சுல் மாரே என்ற மண்பாண்ட ஊரில், வின்சென்ஸோ சாந்தொரியெல்லோவின் பட்டறையில், ஈரக் களிமண்ணைச் சுவராக நிறுத்தி, பின்னாலிருந்து முட்டியால் குத்தித் தள்ளினார். முன்பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது மீனின் வயிறானது. ஏறக்குறைய 300 சதுர மீட்டர் பரப்பு. துண்டு துண்டாகச் சுட்டுத்தான் தீவுக்குக் கொண்டுவர முடியும். இங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அந்தத் துண்டுகளைச் சதுர ஓடுகளாக வெட்டவில்லை. ஒரு மீனின் செவுளைக் கிழித்துக்கொண்டு ஓடும் பிளவைக் கிட்டே போய்ப் பார்த்தால், ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இணைப்பே அதுதான் என்று தெரியும். நீங்கள் குறை என்று பார்த்ததுதான் சுவரைச் சேர்த்துப் பிடிக்கிறது.

நம்பிக்கை இல்லாதவர் செய்தது என்ற புகாரில் எனக்கு அக்கறை இல்லை. பிரான்சின் வான்ஸ் நகரில் ஓவியர் மத்தீஸ் வெள்ளை ஓடுகளில் கறுப்புக் கோடுகளால் வரைந்த சிற்றாலயம் 1951இல் அர்ச்சிக்கப்பட்டது. அவரும் பக்தர் என்று பெயர் எடுத்தவரில்லை. பால்மாவில் இந்த வேலைக்குத் துணையாக நின்றவர் ஆயர் தியோதோர் உபேதா. பேராலய குருக்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். வேலை முடியுமுன், 2003இல் உபேதா காலமானார். அந்தச் சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மண்டையோடுகளை அருவருப்பதற்கு முன் இதையும் யோசியுங்கள். 2007 பிப்ரவரியில் ஸ்பெயின் அரசரும் அரசியும் வந்து திறந்துவைத்தார்கள். (அதே பேராலயத்தில் 1904 முதல் பத்தாண்டு வேலை பார்த்த கட்டடக் கலைஞர் கௌடியும் சச்சரவோடுதான் வெளியேறினார். தற்காலிக மாதிரியாக அவர் தொங்கவிட்ட விதானம் இன்னும் பீடத்துக்கு மேலே தொங்குகிறது. அந்த ஊர்க் கோயிலுக்கு இதெல்லாம் பழக்கம்!)

கண்காட்சியாக இருந்தால் ரசித்திருப்பேன் என்கிறீர்கள். அதையும் பார்சலோ செய்திருக்கிறார். பிரான்சில் 2006 அவிஞோன் நாடக விழாவில், வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் ஒன்றில், நடனக் கலைஞர் ஜோசெஃப் நாஜோடு சேர்ந்து ஒரு களிமண் சுவரைக் கைகளாலும் கருவிகளாலும் தாக்கிக் குலைத்தார். விழா முடிந்தால் மண்ணை அள்ளிவிடலாம், பிடிக்காதவர் மறந்துவிடலாம். பால்மாவில் அந்தச் சலுகை கிடையாது. சுவருக்கு முன்னால், அதே தீவின் பினிசலேம் ஊர்க் கல்லில் பீடமும் வாசகமேடையும் இருக்கின்றன. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த ஊர்க்காரர்கள் அதன் முன் மண்டியிட வேண்டும். உங்கள் எரிச்சலில் நியாயம் உண்டென்றால் அது இங்கேதான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

எனக்கும் குறைகள் உண்டு. பன்னிரண்டு மீட்டர் உயர ஐந்து சாளரங்களுக்கும் சாம்பல் பூசிய கண்ணாடி எதற்கு? மத்தியதரைக்கடல் வெளிச்சத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பி, மீன்களுக்குக் கடலாழத்து இருட்டைத் தருவது நோக்கமாக இருக்கலாம். எனக்கு அது மிகை. நடுவிலிருக்கும் உயிர்த்த இயேசுவும் பலவீனம்தான். அந்த உடல் யாருடைய அளவு என்பதால் அல்ல. மீன்களையும் ரொட்டிகளையும் பயமில்லாமல் குத்திய கை, அந்த வெளிறிய உருவத்துக்கு வந்ததும் மரியாதை காட்டத் தொடங்கிவிட்டது. பக்கச் சுவர்களில் உள்ள கனம் அங்கே இல்லை.

அன்புடன்.