ஏற்பி குறையவில்லை, பதில் மட்டும் ஏன் குறைந்தது?

மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் போட்டு மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களின் கொலஸ்ட்ராலை எடுத்தபின், எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பொருள்) கொடுத்தும் டிஎன்எஃப்-ஆல்ஃபா (செல் பதிலாக வெளியிடும் அழற்சிப் புரதம்) பாதியாகிவிட்டது, ஆனால் புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், எல்பிஎஸ்ஸை உணரும் ஏற்பியான டிஎல்ஆர்4 அதே அளவில் இருக்கிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். பிளாட் பொய் சொல்லவில்லை. மொத்தம் எவ்வளவு ஏற்பி என்று அது காட்டும். செல் சவ்வில் எங்கே இருக்கிறது என்று காட்டாது.

கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடு என்ற சவ்வுக் கொழுப்பும் நெருக்கமாகச் சேர்ந்த சிறு திட்டுகள் சவ்வில் உண்டு. எல்பிஎஸ்ஸைப் பிடித்துக் கொடுக்கும் சிடி14 என்ற புரதம், ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரத்தோடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எல்பிஎஸ் வந்ததும் டிஎல்ஆர்4 அங்கே போய்ச் சேரும். கொலஸ்ட்ராலை உருவினால் திட்டு கலைந்துவிடும். ஏற்பி இருந்தும் கூட்டாளிகள் கைக்கு எட்டாது.

சரி, இதை எழுதுமுன் செல்கள் உயிரோடு இருந்தனவா என்று கட்டாயம் பாருங்கள். சைக்ளோடெக்ஸ்ட்ரினில், 10 மில்லிமோலார் செறிவில் அதிக நேரம் விட்டால் செல்கள் சாகும். அப்போதும் டிஎன்எஃப் குறையும். அப்புறம், கொலஸ்ட்ரால் ஏற்றிய சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கொடுத்து, பதில் மீள்கிறதா பாருங்கள். இந்தக் கன்ட்ரோல் இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன்.

அடுத்து புற்றுநோய் செல்களில் செய்யப்போவதாகச் சொன்னீர்கள். அங்கே இதையே எதிர்பார்க்காதீர்கள். கொலஸ்ட்ரால் குறைந்தால் இஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பி, லிகண்ட் (அதில் ஒட்டித் தூண்டும் மூலக்கூறு) இல்லாமலே தூண்டப்படுவதுண்டு.