தளம் போடும் நாளில் தண்ணீர்க் குழாய் யார் கையில்? வீடு கட்டுவோர் கேள்வி பதில்

ஆடி முடிந்ததும் வேலையைத் தொடங்கி, ஐப்பசி மழைக்குள் தளம் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் இந்த மாதக் கடிதங்களிலேயே தெரிகிறது. அதனால் கான்கிரீட் கேள்விக்குக் கொஞ்சம் அதிக இடம் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு ரூஃப் கான்கிரீட். இதே மேஸ்திரி பக்கத்து வீட்டில் போட்டபோது கலவை கூழ் மாதிரி ஓடியதைப் பார்த்தேன். கேட்டால் "அப்பத்தான் கம்பிக்குள்ள இறங்கும்" என்கிறார். நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? தளத்துக்கு அடியில் தாங்கி நிற்கும் முட்டு எப்போது பிரிக்கலாம்?
(வாசகர், தேனி)

கம்பிக்குள் இறங்க வேண்டும் என்று அவர் சொல்வது சரிதான், ஆனால் இறக்குவதற்குத்தான் வைப்ரேட்டர் இருக்கிறது. தண்ணீரை ஊற்றி இறக்குவது ஆட்களுக்கு இடுப்பு வலிக்காத வழி, அவ்வளவுதான். சிமென்ட் இறுகுவதற்குத் தேவையான தண்ணீர் கொஞ்சம்தான். மீதி கலவையை இளக்கிவிட்டுப் பிறகு ஆவியாகிப் போய்விடும், போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. அந்தத் துளை வழியாகத்தான் பிற்பாடு மழைநீரும் காற்றும் கம்பிவரை போகின்றன, கம்பி துருப்பிடித்து வீங்குகிறது, பத்து இருபது வருடம் கழித்து ஹால் கூரையிலிருந்து சிமென்ட் பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. அன்றைக்கு யாரும் மேஸ்திரியைத் தேடிப் போவதில்லை, "அந்தக் காலத்துச் சிமென்ட் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

கணக்கு இதுதான்: 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 முதல் 27 லிட்டர். எம்20 கலவைக்கு, அதாவது சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 போடும்போது, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 வைத்திருக்கும் உச்சவரம்பே 30 லிட்டர்தான். முந்தின நாள் மழை பெய்து மணல் நனைந்திருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். மிக்ஸர் பக்கத்தில் ஹோஸ் பைப்பே இருக்கக் கூடாது. 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, வீட்டு ஆள் ஒருவர் அங்கேயே நின்று அளந்து ஊற்றட்டும். கலவை ரொம்ப இறுக்கமாக இருக்கிறது என்று ஆட்கள் முனகினால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்று கடையில் கிடைக்கும், மூட்டைக்கு எவ்வளவு என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள், அதைச் சேருங்கள். ரெடிமிக்ஸ் வாங்குகிறவர்களும் கவனியுங்கள்: வண்டி வந்து நின்ற பிறகு டிரம்முக்குள் தண்ணீர் விட்டால் நீங்கள் காசு கொடுத்த தரம் அங்கேயே போய்விட்டது.

இனி கம்பி. முந்தின நாள் மாலையே இன்ஜினியரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காலையில் முப்பது ஆட்கள் சட்டியோடு நிற்கும்போது எந்த இன்ஜினியராலும் "இதைப் பிரித்துக் கட்டு" என்று சொல்ல முடியாது. கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி வைக்கும் கவர் பிளாக் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25 மில்லியாவது வேண்டும். ஜல்லியையோ உடைந்த டைல்ஸ் துண்டையோ செருகி வைத்தால் ஏற்காதீர்கள், கான்கிரீட் விழுகிற வேகத்தில் அது நகர்ந்து கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

பால்கனி, சன்ஷேட் இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணத் தளத்தில் அறையின் நடுப்பகுதிக்குக் கம்பி கீழே இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே விரிசல் மேல்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். ஆட்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மேல்கம்பியின் மேலேயே நடந்து நடந்து அதை அடிக்கு அமுக்கிவிடுகிறார்கள். மேலே பூசி முடித்த பிறகு யாருக்கும் தெரியாது. எனவே மேல்கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் நாற்காலிக் கம்பி போதுமான அளவு வைக்கச் சொல்லுங்கள், நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள், கான்கிரீட் அந்த இடத்துக்கு வரும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், டேப் வைத்து அளவு தெரிகிற மாதிரி. எலக்ட்ரிக் பைப் எங்கெங்கே போகிறது என்பதும் அதில் வந்துவிடும், பிற்பாடு ஃபேன் கொக்கிக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் துளை போடும்போது உதவும்.

கான்கிரீட் போட்ட மறுநாள் காலையே தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சாதாரண ஓபிசி சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி என்றால் 10 நாள், வெயில் கொளுத்தினால் இன்னும் மூன்று நான்கு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கியது பெரும்பாலும் பிபிசியாகத்தான் இருக்கும், மூட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

முட்டு விஷயத்தில், சுவருக்குச் சுவர் 4.5 மீட்டர், அதாவது சுமார் 15 அடி வரை உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் என்பது தரநிலை சொல்லும் குறைந்தபட்சம். இது ஓபிசிக்கான கணக்கு. பிபிசி மெதுவாக வலுப்பெறும் என்பதால் இதைவிடக் கூட்ட வேண்டும். நான் தளத்துக்கே 14 நாளுக்கு முன் கை வைக்க விடமாட்டேன். சென்ட்ரிங்காரர் ஷீட்டுக்கு நாள் வாடகை என்று நச்சரிப்பார், அந்த வாடகை உங்கள் பட்ஜெட்டில் பெரிய தொகையே இல்லை. பால்கனி முட்டுகளை வெளி ஓரத்திலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

500 கம்பி வாங்குவதா, 550 வாங்குவதா? கடைக்காரர் 550தான் ஸ்ட்ராங் என்கிறார்.
(வாசகி, ஓசூர்)

டிராயிங்கில் என்ன போட்டிருக்கிறதோ அதை. 500டி என்று போட்டுக் கொடுத்திருந்தால் 550 வாங்குவதால் வீடு கூடுதலாக ஒன்றும் நிற்காது. எண் கம்பியின் வலுவைச் சொல்வது, அதைவிட அந்த "டி" முக்கியம், உடையாமல் வளைந்து கொடுக்கும் தன்மை அதில்தான் அதிகம். எடை போட்டுப் பாருங்கள்: 12 மீட்டர் நீளமுள்ள 8 மில்லி கம்பி சுமார் 4.7 கிலோ, 12 மில்லி கம்பி சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ரொம்பக் குறைந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

எங்கள் வீடு தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம், கெட்டியான சுவர். கீழிருந்து மூன்றடிக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்கிறது. இரண்டு தடவை சிமென்ட் பூசிவிட்டோம். இப்போது நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் தீர்ந்துவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். ஒட்டலாமா?
(வாசகர், கும்பகோணம்)

ஒட்டாதீர்கள். ஓதம் தீராது, டைல்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அப்புறம் ஐந்தாவது அடியில் வெளியே வரும். பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்த ஈரத்தைச் சுவர் முகத்தின் வழியே காற்றில் விட்டுவிடும். அப்படித்தான் உங்கள் தாத்தா காலத்தில் அது காய்ந்தே இருந்தது. நீங்கள் பூசிய சிமென்ட் அந்த முகத்தை அடைத்துவிட்டது. வெளியேற வழி இல்லாத ஈரம் மேலே ஏறுகிறது. அதற்கு மேல் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்திருப்பீர்கள், சுவருக்கு மழைக்கோட்டு மாட்டி உள்ளே வியர்க்க விட்ட மாதிரி.

முதலில் வீட்டுக்கு வெளியே போய்ப் பாருங்கள். தெரு உங்கள் திண்ணையைவிட உயர்ந்துவிட்டதா? நம் ஊரில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்த தார் போட்டுப் போட்டு எத்தனையோ வீடுகள் பள்ளமாகிவிட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அதிகாரிகளுக்கு எழுதினார், எழுதிய பிறகும் என்ன நடக்கிறது என்பதை உங்கள் தெருவில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மழைநீர் சுவரோரம் நிற்கிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா, சுவரை ஒட்டிப் பூச்செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று பாருங்கள். சுவரோரம் தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுத்து வெளியேற்றினாலே பாதி நோய் போய்விடும்.

பிறகு ஓதக் கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை சிமென்ட் பூச்சை முழுக்க உடைத்தெடுங்கள், கல் இடுக்குகளைச் சுரண்டி உப்பைக் கம்பி பிரஷ்ஷால் தட்டுங்கள் (தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும்), ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே காயவிடுங்கள். வீடு பார்க்க அசிங்கமாக இருக்கும், வீட்டில் விசேஷம் இருந்தால் அதை முடித்துவிட்டு ஆரம்பியுங்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் கிடைக்கிறார், செட்டிநாட்டுப் பக்கம் விசாரியுங்கள். தரை மட்டத்தில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் செலுத்தும் முறையும் இருக்கிறது. உங்கள் மாதிரி கெட்டிச் சுவருக்கு இரண்டு பக்கமும் துளை போட வேண்டும், செலவும் அதிகம், எனவே வடிகாலைச் சரிசெய்து ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு யோசிக்கலாம். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடுகிறோம் என்று வருபவர்களிடம், சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்பதால், கட்டமைப்பு இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுக்காமல் பேசவே பேசாதீர்கள்.

இன்னொன்று, மேலே தேக்கு உத்தரம் வைத்த மச்சு என்றால் உத்தரங்களின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். மேலிருந்து மழைநீர் இறங்குகிற இடத்தில் அந்த முனையைக் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் ஓதத்தைவிட அது அவசரம்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கான்ட்ராக்ட் விடப்போகிறோம். ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?
(வாசகி, திருச்சி)

எதற்கெல்லாம் அந்த விலை சேராது என்பதை எழுதுங்கள், சண்டை எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், கைப்பிடிச்சுவர், மாடிப்படிக்கு மேல் வரும் அறை, முகப்பு அலங்காரம், போர், மின் இணைப்பு வைப்புத்தொகை, மழைநீர்த் தொட்டி (2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம்) ஒவ்வொன்றும் உள்ளே வருகிறதா வெளியேவா? பால்கனியையும் போர்டிகோவையும் முழு சதுர அடியாக அளப்பாரா, பாதியாகவா? பேஸ்மட்டம் எத்தனை அடி உயரம், தளத்தின் உயரம் எத்தனை? டைல்ஸ் "நல்ல தரம்" என்று எழுதாமல் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வரை என்று எழுதுங்கள், குழாய், சுவிட்ச், ஒயர் எல்லாவற்றுக்கும் கம்பெனி பெயர் போடுங்கள்.

பணத்தை நிலை நிலையாக, அந்த நிலை முடிந்த பிறகு கொடுங்கள். கடைசித் தவணை கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும், கதவு பிடிக்கிறது, பாத்ரூம் வாட்டம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் குடிபோகிற நேரத்தில்தான் தெரியும். பொருள் நீங்களே வாங்குவதாக இருந்தால் மணல், ஜல்லி லோடு வரும்போது டேப்போடு போங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரிக்குள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று வந்துவிடும். நடுவில் குவித்து ஓரத்தில் சரிந்திருந்தால் மட்டம் தட்டச் சொல்லி அளங்கள், டிரைவர் முறைப்பார், பரவாயில்லை.

பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலில் வெறும் கிரஷர் தூசியைக் கலந்து தருகிறார்களாமே, எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், நாமக்கல்)

கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், கொஞ்சம் உப்பு. நன்றாகக் குலுக்கிச் சில மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் சேறு மாதிரித் தடித்த அடுக்கு படிந்தால் அந்த லோடு வேண்டாம். சந்தேகம் என்றால் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகத்தில் சல்லடைச் சோதனை செய்துதரக் கேளுங்கள். பூச்சுக்கு பி-சாண்ட் தனியாக வாங்குங்கள், எம்-சாண்டைச் சலித்து ஒப்பேற்ற வேண்டாம்.

கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் வரை சுவர் வந்த பிறகு வாஸ்து பார்ப்பவர் சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
(வாசகி, விருதுநகர்)

அடுப்பு மேடையையும் தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் மாற்றுவதோடு முடியும் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், மனசு நிம்மதியாக இருக்கும். தூண் போட்ட வீட்டில் தடுப்புச் சுவரை நகர்த்தலாம், இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. தூணே இல்லாமல் சுவர்தான் தளத்தைத் தாங்கப்போகிறது என்றால், நகர்த்திய சுவருக்கு அடியில் அஸ்திவாரம் இருக்காது, அங்கே அந்த யோசனையை விட்டுவிடுங்கள். வாஸ்துக்காரரை அடுத்த வீட்டுக்கு பிளான் போடும்போதே கூப்பிடுங்கள்.